படத்தின் இடது ஓரம்

ஆகஸ்ட் 14, ஞாயிறு

இன்று காலை ஏழரை மணிக்கு எருக்கலாந்துறையில் நவநீதன் என்கிற பையன் பவானி ஆற்றோடு போய்விட்டான். வயது இருபத்தேழு. அடுத்த மாதம் எட்டாம் தேதி அவனுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக எடுக்கும் படங்களுக்காக நாங்கள்தான், அதாவது என் வீட்டுக்காரர்தான், அங்கே கூட்டிப் போயிருந்தார். பெண்ணும் அவள் அக்காவும் மேலே ரோட்டில் காருக்குள் அலங்காரம் செய்துகொண்டிருந்தார்களாம். ஆற்றங்கரையில் இருந்தது இவரும் அந்தப் பையனும் மட்டும்.

தேட வந்தவர்கள் எல்லோரும் நேரே ஆற்றின் கீழ்ப்பக்கம்தான் போனார்களாம்; இரண்டு மணிக்கு அங்கே உடம்பு கிடைத்தது.

இவர் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார். பேண்ட் இடுப்பு வரை நனைந்து சேறாகக் காய்ந்திருந்தது. இவருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறார். பேண்டைத் துவைக்கப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தைப் படம் எடுக்க இவர் போகவில்லை. நான் போனேன். அங்கே எல்லோரும் அதையேதான் பேசினார்கள். காலையில் பாசனத்துக்கு அணையைத் திறந்துவிட்டார்களாம். எருக்கலாந்துறையில் பாறையெல்லாம் முழுகிவிட்டதாம், கரையில் இருந்த முள்மரம்கூட அடித்துப் போய்விட்டதாம்.

"ஒரு நா முன்னாடி தொறந்திருந்தா அந்தத் தண்ணியப் பாத்துட்டு அவன் எறங்கியே இருக்க மாட்டான்" என்றார் விளையாட்டு வாத்தியார்.

வீட்டுக்கு வந்து இதை இவரிடம் சொன்னேன். "முழுக்கவா முழுகிருச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் எழுந்து குளித்தார்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

இன்று ஸ்டுடியோ திறந்தோம். ஆதார் திருத்தத்துக்கு நாலு பேர், ரேஷன் கார்டு லேமினேஷன் ஒன்று.

பதினோரு மணிக்கு இவர் மெமரி கார்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. எந்த ஆற்றுக்குப் போனாலும், ஆட்கள் வருவதற்கு முன்னால் தனக்கென்று ஒரு படம் எடுப்பார் இவர். கல்யாணமும் காதுகுத்தும் வயிற்றுக்கு, ஆறு இவருக்கு. அன்றைக்கும் எடுத்திருக்கிறார். காலை 6:10.

நல்ல படம். இவர் எடுத்த ஆறுகளிலேயே இதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். ஸ்டாண்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்து எடுத்திருக்கிறார். கீழே வலது மூலையில் ஈரப் பாறை. அதிலிருந்து ஆறு வளைந்து இடது பக்கமாகப் போய்ப் பனிக்குள் கரைகிறது. வானத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொடுக்கவில்லை. தண்ணீர் நகர்வதே தெரியவில்லை, பாலாடை மாதிரி கிடக்கிறது. அவ்வளவு அமைதியாக இருந்த தண்ணீர்.

"காலண்டர்காரங்களுக்கு அனுப்பணும். கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு" என்றார்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

மேலே குறுக்கே போன கரண்டு ஒயரை எடுத்தேன். பாறை இடுக்கில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தேன். இடது ஓரத்தில் ஒரு தகரம் நீட்டிக்கொண்டிருந்தது. இவர் விரலை நேராக அதன்மேல் வைத்து, "இத மொதல்ல எடு. படத்தக் கெடுக்குது" என்றார். எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் சிரமம் தெரிந்தது. அந்தத் தகரம் இருந்தவரைக்கும் படம் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. அது போனதும் எல்லாப் பாரமும் வலது பக்கம் சாய்ந்துவிட்டது. இவர் அதை வைத்துத்தான் படத்தையே அமைத்திருக்கிறார். வெற்றிடத்தை நிரப்ப வலது பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பாறையை நகலெடுத்து, திருப்பிப் போட்டு, நிழலைச் சரிசெய்து, தண்ணீர் அதன் அடியில் நனைக்கிற மாதிரி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுத்தவரால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவை ஆல்பத்திலிருந்து எடுத்திருக்கிறேன். இறந்துபோன அப்பாவை மணமேடையில் நிற்க வைத்திருக்கிறேன்.

"நல்லாருக்குது" என்றார். மூன்று நாளில் என்னிடம் அவராகச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 17, புதன்

சிலிண்டர் வந்தது. மோட்டார் ரிப்பேர்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

இவரை மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகும்போது அந்த ஆற்றுப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனார்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்து சாப்பிடும்போது அவரே சொன்னார். "அங்க எச்சரிக்கைப் பலகை ஏதாவது இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லீன்னேன். இருந்துச்சுன்னு ஆத்து வாட்ச்மேன் சொல்றானாமா. அதான் படத்தக் குடுத்தேன். காலைல ஆறு பத்துக்கு எடுத்தது, பாத்துக்குங்கன்னு."

"காலண்டருக்குன்னு சொன்னீங்க?"

"அதுக்கும் அனுப்புவேன்."

ரசம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

பேப்பரில் உள்பக்கத்தில் ஆறு வரிச் செய்தி. எருக்கலாந்துறையில் எச்சரிக்கைப் பலகை வைக்காமல் கடமை தவறியதாக ஆற்றுக் காவலர் மாரப்பன் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டுள்ளார். கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது.

பதினாறாம் தேதி எழுதிய பக்கத்தைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். தகரம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் தகரம் தகரம் என்றே எழுதியிருக்கிறேன்.

அது பலகை. படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி வைத்துத்தான் நான் வேலை செய்வேன். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து. "எச்சரிக்கை. ஆழமான பகுதி. இறங்காதீர்." ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் நன்றாகப் படிக்க முடிந்தது. படித்துவிட்டுத்தான் அழித்தேன். கீழ் வரியின் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இதை இங்கே எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 31, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்தேன், மாவு சரியாக வேகவில்லை.

செப்டம்பர் 2, வெள்ளி

இவர் சீமந்த ஆர்டருக்குப் போயிருந்தார். நான் மட்டும் கடையில் இருந்தேன். பதினொன்றரைக்கு ஒரு ஆள் வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை, ஆனால் பித்தான்கள் வேறு வேறு நிறம்.

"கழட்ட வேண்டாம், வாங்கண்ணா" என்றேன்.

"பரவால்லீங்க அம்மிணி. நான் மாரப்பனுங்க. ஆத்து வாட்ச்மேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி அன்னிக்குக் காலைல ஆத்தப் படம் புடிச்சுதாமா. ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்கு அத ஒருக்காக் காட்டுனாங்கன்னா நல்லாருக்கும்னு வந்தனுங்க. அங்க பைலுக்குள்ள வெச்சுக்கிட்டுக் காட்ட மாட்டேங்கறாங்க."

"எதுக்குங்ணா?"

"என்ற பலகை அதுல இருக்குமுங்க. சித்திரை மாசம் மூணு பலகை குடுத்தாங்க. மூணையும் ஒத்தையா நின்னு நட்டனுங்க. ரெண்டு நிக்குது. மூணாவத தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சு. அவங்க என்னடான்னா வித்துத் தின்னுட்டேங்கறாங்க. ஊருக்குள்ள கேட்டா ஒருத்தர் இருந்துச்சுங்கறாரு, ஒருத்தர் போன வருசமே சாஞ்சுருச்சுங்கறாரு. அந்தப் பக்கம் ஆரு போறாங்க? படம் பொய் சொல்லாதுங்களே, அம்மிணி."

இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் எழுந்து போய் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டேன். ஏன் போட்டேன் என்று இப்போதுவரை தெரியவில்லை. மெஷினிலிருந்து படம் வெளியே வருகிற வரைக்கும் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் வாங்கி வெளிச்சத்துக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். ஆற்றின் மேல் விரலை வைத்துக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே வந்தார். இடது ஓரத்தில் விரல் நின்றது.

"இது எருக்கலாந்துறைதானுங்களா?"

"ஆமாங்ணா."

"இந்தப் பாறை எனக்குத் தெரியலீங்களே."

நான் மெஷின் மூடியைச் சாத்தினேன்.

"இருபத்தி ரெண்டு வருசமா அந்தக் கரைல நடக்கறனுங்க. இங்கொரு பாறை இருந்து நான் பாத்ததில்லீங்க." திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பாறையே தெரியாதவன் பலகைய எங்க நட்டனோ என்னமோ. வேற துறைல நட்டுட்டு இங்க நட்டதா நெனச்சுக்கிட்டனாட்ட இருக்குதுங்க."

"அண்ணா..."

"இல்லீங்க அம்மிணி. ஒங்க மேல தப்பில்லீங்க. நீங்க படத்தக் காட்டுனீங்க. அதுவே பெருசு."

படத்தைப் பேப்பரில் சுற்றித் தரச் சொன்னார். சுற்றிக் கொடுத்தேன். படி இறங்கி, செருப்பு போட மறந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார்.

செப்டம்பர் 5, திங்கள்

மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருந்தேன். இன்று மதியம் கடையில் ஆள் இல்லாதபோது சொல்லிவிட்டேன்.

"மாரப்பன்னு அந்த வாட்ச்மேன் வந்தாருங்க."

இவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. படத்தப் பாத்துட்டு, தானே நடலையோன்னு நெனச்சுக்கிட்டுப் போறாருங்க. பாக்க முடியலீங்க. சொல்லிருங்க. பலகை இருந்துச்சுன்னு போய்ச் சொல்லிருங்க."

"சொல்லி? பலகை இருந்துச்சு, அதத் தாண்டி அந்தப் பையனக் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லட்டுமா?" சத்தம் ஏறியது. எதிரே டெய்லர் கடைக்காரர் திரும்பிப் பார்க்கவும் குரலை இறக்கினார். "சுகந்தி, அந்தப் பக்கந்தான் வெளிச்சம் நல்லா உழுந்துச்சு. பலகைக்கு இந்தப் பக்கம் நின்னா மூஞ்சில நெழலு. ஒரு அடி பின்னால போன்னேன். போனான். இன்னொரு அடின்னேன். பாறை முடிஞ்சுருச்சு. வியூபைண்டர்ல பாத்துக்கிட்டே இருக்கறேன், ஆளக் காணோம். ரெண்டு செகண்டு நான் கேமராவத்தான் பாத்தேன், போக்கஸ் போயிருச்சாட்டன்னு."

இவர் அழுதது கல்யாணமான பதினாலு வருடத்தில் இரண்டாம் தடவை. முதல் தடவை எங்களுக்குப் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொன்ன அன்று.

"அந்தாளுக்கு வேலைதான போச்சு. ரெண்டு மாசத்துல திரும்பக் குடுத்துருவாங்க. நான் உள்ள போயிட்டா நீ என்ன பண்ணுவ?"

சாயந்திரம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம்.

செப்டம்பர் 6, செவ்வாய்

காலையில் நான் மார்க்கெட் போய் வருவதற்குள் மெமரி கார்டை அழித்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த மூலப் படத்தையும், வேறொரு கார்டில் இருந்த அன்றைய மற்ற படங்களையும் சேர்த்து. அந்தப் பையன் பாறையில் நிற்கிற படங்கள் இருந்திருக்கின்றன. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"இனி ஒண்ணுமில்ல. முடிஞ்சுது" என்றார்.

இவர் படம் எடுப்பவர். கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என்னுடையது. மூலப் படத்தின்மேல் நான் எப்போதும் கை வைப்பதில்லை. அதை அடியில் வைத்து, மேலே ஒரு நகலைப் போட்டு, அந்த நகலில்தான் அழிப்பதும் சேர்ப்பதும். மேல் தாளை விலக்கினால் அடியில் பழையது அப்படியே இருக்கும். அந்த வேலைக் கோப்பு என் பெயர் போட்ட ஃபோல்டரில் இருக்கிறது. இவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

செப்டம்பர் 8, வியாழன்

இன்று அந்தக் கல்யாண நாள். மண்டபத்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு காய் வாங்கப் போனேன். மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம். நாதஸ்வரம் கடைவரைக்கும் கேட்டது.

செப்டம்பர் 14, புதன்

மாரப்பண்ணன் மறுபடி வந்தார். இவர் உள்ளே இருந்தார். குரலைக் கேட்டுவிட்டு வெளியே வரவே இல்லை.

பாஸ்போர்ட் சைஸ் படம் மூன்று வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"மன்னிப்பு மனுவுல ஒட்டணுமாமுங்க. பலகை நடாம உட்டது என்ற தப்புத்தான்னு எழுதிக் குடுத்தா தண்டனை கொறையும்னாங்க. எழுதி வெச்சுட்டனுங்க. நாளான்னிக்குக் கையெழுத்து."

"நட்டீங்கதானண்ணா?" என்று கேட்டேன்.

"கைல கடப்பாறை புடிச்சது நெனப்பிருக்குதுங்க. கல்லு தட்டுப்பட்டுதுன்னு பக்கத்துல நவுத்திக் குழி போட்டதுகூட நெனப்பிருக்குது. ஆனா படத்துல இல்லீங்களே அம்மிணி." ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தப் பையனோட அம்மாளுக்கு என்ற மூஞ்சியக் காட்ட முடியலீங்க. சந்தைல பாத்தேன். வேற வழியாப் போயிட்டேன். என்னாலதானுங்களே."

நிமிர்ந்து பாருங்கள் என்றேன். நிமிரவில்லை. மூன்று முறை சொல்லி நான்காம் முறை எடுத்தேன். படத்தில் கண் சிவந்திருந்தது. "அத மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க, குடிச்சிருக்கறான்னு நெனப்பாங்க" என்றார்.

திரையில் அவர் கண்ணைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சிவப்பை எடுக்க ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. மெஷினில் கோளாறு, நாளைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 15, வியாழன்

காலை ஏழு மணிக்கு வேலைக் கோப்பைத் திறந்து மேல் தாளை விலக்கினேன். பலகை வந்தது. பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டேன். கோப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

இவர் பல் துலக்கிக்கொண்டு வந்தவர் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார். வாயில் நுரையோடு நின்றார். போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"எங்க போற?"

"கோட்டாட்சியர் ஆபீசுக்கு."

"சுகந்தி."

"நீங்களும் வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை, திட்டவில்லை. நான் செருப்புப் போடும்போது, "எனக்கு அந்த எடத்துல நின்னு பேச வராது" என்று மட்டும் சொன்னார். எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்டாப்பில் நின்றவரைக்கும் அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி என் வயதுப் பெண்மணி. பதினொன்றரைக்குத்தான் உள்ளே விட்டார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத யாரும்மா பண்ணது?"

"நான்தானுங்க."

"உங்க வீட்டுக்காரர் பண்ணச் சொன்னாரா?"

"சொன்னாருங்க. ஆனா என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுட்டுத்தான் எடுத்தனுங்க."

"நீங்களும் கேஸ்ல வருவீங்க. தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

"தெரியுங்க."

வெள்ளைத்தாள் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார். முக்கால் பக்கம் வந்தது. ஒரு மாதமாக இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருப்பது அங்கே முக்கால் பக்கம்தான்.

மாரப்பண்ணன் மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் மணி அடித்து யாரையோ கூப்பிட்டார்.

செப்டம்பர் 20, செவ்வாய்

காலை பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இவர் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டார். இவ்வளவு நாளும் என் முகத்தைப் பார்த்துப் பேசாதவர், ஜீப்பில் ஏறும் முன் திரும்பி, "நாளைக்கு நல்லகவுண்டர் வீட்டு வளைகாப்பு ஆர்டர் இருக்குது. பெரிய லென்ஸ எடுத்துக்க" என்றார்.

என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 21, புதன்

வளைகாப்புக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் சாப்பிடவும் சொல்லவில்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. கேமராக்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன். பெரிய கேமரா இல்லை, அதை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டேன்.

அக்டோபர் 7, வெள்ளி

ஜாமீனில் வந்தார். தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தாடி வளர்ந்திருக்கிறது. சோறு போட்டேன், சாப்பிட்டார். பாயை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 13, வியாழன்

மாரப்பண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. நானே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வெளியே வேப்பமரத்தடியில் கட்டில் போட்டார்.

கேட்கவேண்டியதைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆபீஸ்ல அந்தப் படத்தக் காட்டுனாங்க. பலகை நிக்குது. சரி, நட்டிருக்கறேன். வேலையுங் குடுத்துட்டாங்க." கட்டில் கயிற்றை இழுத்துவிட்டார். "ஆனா அம்மிணி, ரெண்டு மூணு வாரமா அந்தப் பையன நான்தான் கொன்னேன்னு நெனச்சு நெனச்சுப் படுத்தேன். இப்ப இல்லீன்னுட்டாங்க. அந்த நெனப்பு மட்டும் போக மாட்டேங்குது. கடப்பாறை புடிச்ச நெனப்பு இருந்துச்சுல்ல, அது போயிருச்சுங்க. படத்தப் பாத்துத்தான் நட்டேன்னு நம்ப வேண்டியிருக்குது."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. எண்ணெய் காய்ச்சி வைத்தேன். இவர் தலைக்குக் குளித்தார். அவ்வளவுதான்.

அக்டோபர் 30, ஞாயிறு

காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, "வசந்தாமணியம்மா வீட்டுக்குப் போகணும். நீயும் வா" என்றார். அந்தப் பையனின் அம்மா. ஜாமீனில் வந்த பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

"வக்கீல் போகக்கூடாதுன்னாருங்களே."

"போகணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் போனோம். தோட்டத்துக்குள் தனி வீடு. தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். அந்த அம்மா வெளியே மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அரிவாள் நின்றது. கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்றுதான் நினைத்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.

கூடத்தில் நவநீதன் படம் மாட்டியிருந்தது. நிச்சயதார்த்தத்தில் நாங்கள் எடுத்த படம்தான். நான்தான் அவன் கழுத்து வியர்வையைத் துடைத்துக் கொடுத்தேன், திரையில். இவர் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரும் எதிரே உட்கார்ந்தார்.

இவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அந்த அம்மாவே பேசினார்.

"கோர்ட்டுல என்னமோ பண்ணட்டும் தம்பி. அதெல்லாம் எனக்கு வேண்டாம். ஒண்ணு கேக்கோணும். ஆருகிட்டயும் கேக்க முடியல. அங்க நீங்க ரெண்டு பேருந்தான இருந்தீங்க."

"கேளுங்கம்மா."

"அந்தப் பலகைய அவன் பாத்தானா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே மாடு கத்தியது. நான் இவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட மாட்டாரா என்றுகூட நினைத்தேன்.

"பாத்தான்மா" என்றார். "நின்னு படிச்சான். 'அண்ணா, ஆழம்னு போட்டிருக்குது, இந்தப் பக்கமே நின்னுக்கறேன்'னான். நான்தான் சொன்னேன். 'அதெல்லாம் சும்மா போட்டிருக்கறாங்க. நான் பாத்துக்கறேன், நீ போ'ன்னு."

இதை இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த அம்மா அழவில்லை. மகன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்காக இல்லாமல் தனக்குத்தானே சொல்வது போல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அவன் சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க. பெரியவங்க ஒரு வார்த்த சொன்னா தட்டவே மாட்டான்."

பிறகு மாட்டுக்குத் தட்டு போடவேண்டும் என்று எழுந்து போனார். வெளியே அரிவாள் விழும் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. நாங்கள் எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.